ஒருதடவைகூடக் குத்தாத பேட்ஜ்

பழைய பேஸ்பால் பேட்ஜ் விற்பவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பெருமையைத்தான் பேசுவார்கள். இது ஒருதடவைகூடச் சட்டையில் ஏறாதது. சட்டையில் குத்துவதற்கென்றே செய்த பொருள், அந்த ஒரு வேலையைச் செய்யவே இல்லை என்பதற்காக இரண்டு மூன்று மடங்கு விலை. இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப நாளாக இடித்துக்கொண்டே இருக்கிறது. ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் அட்டை சேகரிப்பவர்களிடமிருந்து வந்த பழக்கம் இது என்பது புரிகிறது. மூலை மழுங்காத அட்டை, நடுவில் சரியாக அச்சான அட்டை, பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கணக்குப் பார்த்து பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த அட்டை. அட்டைக்கு அது பொருந்தும், ஏனென்றால் அட்டை வீட்டுக்குள் ஷூ டப்பாவில் கிடந்தாலே போதும், அதன் வேலை முடிந்தது. பேட்ஜ் அப்படியா? நீங்கள் யாருடைய ஆள் என்று தெருவில் எதிரே வருகிறவனுக்குச் சொல்வதுதான் அதன் வேலை. நம்மூரில் கட்சி பேட்ஜைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு டீக்கடைக்குப் போகிறவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நியூஜெர்சியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் ஒரு பழம்பொருள் சந்தையில்தான் இந்த எரிச்சல் ஒரு உருவத்துக்கு வந்தது. ஒரு வயதான வியாபாரி கறுப்பு வெல்வெட் துணியில் 1947இல் பெரிய லீக் பேஸ்பாலின் நிறத் தடையை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனின் பேட்ஜ்கள் இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று பளபளவென்று இருந்தது. இன்னொன்றில் விளிம்பு முழுக்கத் துரு, ராபின்சனின் தொப்பிக்கு மேலே பழுப்புப் புள்ளிகள், பின்னாலிருந்த கம்பி வளைந்து திரும்ப நிமிர்த்தப்பட்டிருந்தது. பளபளப்பானதன் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. மற்றதை ஏன் இவ்வளவு மலிவாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார்: "அதை யாரோ போட்டுக் கெடுத்துட்டாங்க." நான் அதை வாங்கிக்கொண்டேன். அந்த வாக்கியமும் கூடவே வந்துவிட்டது.

நெவார்க்கில் தொடங்கியது

நான் இருக்கும் நியூஜெர்சி மாநிலத்திலேயே, ரயிலில் கொஞ்ச தூரத்தில், இந்தப் பொருளின் பிறந்த ஊர் இருக்கிறது. நெவார்க்கில் இருந்த வைட்ஹெட் அண்ட் ஹோக் கம்பெனி 1896 ஜூலை 21 தேதியிட்ட காப்புரிமையை வைத்துக்கொண்டுதான் இந்தத் தொழிலையே கையில் எடுத்தது. அமைப்பு எளிமையானது: ஒரு தகரத் தட்டு, அதன்மேல் அச்சடித்த காகிதம், அதற்கும் மேல் மெல்லிய செல்லுலாய்ட் தாள், மூன்றையும் பின்னாலிருந்து இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையம், அந்த வளையத்துக்குள் வளைத்துச் செருகிய ஒரு கம்பி. கம்பி தன் விறைப்பிலேயே நிற்கும், ஒட்டுவதோ பற்றவைப்பதோ கிடையாது. செல்லுலாய்டும் நெவார்க்குக்குப் புதியதல்ல. ஹயாட் சகோதரர்களின் செல்லுலாய்ட் தொழிற்சாலை 1870களிலேயே ஆல்பனியிலிருந்து அங்கே வந்துவிட்டது. கற்பூரம் கலந்து செய்யும் பொருள் அது, அந்தக் கற்பூரத்தில் பெரும்பகுதி ஃபார்மோசா தீவிலிருந்து, அதாவது இன்றைய தைவானிலிருந்து, போய்க்கொண்டிருந்தது. பழைய பேட்ஜை விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பார்த்தால் சில சமயம் லேசாகச் சூடம் மணக்கும். என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, சாமி படத்துக்குக் காட்ட வேண்டியதையெல்லாம் பேஸ்பால்காரனுக்குக் காட்டுகிறீர்கள் என்றாள்.

1896 அமெரிக்க அதிபர் தேர்தல் வருடம். மெக்கின்லியும் பிரையனும் மோதிய அந்தத் தேர்தலில்தான் இந்தப் புது பேட்ஜ் நாடு முழுக்கச் சட்டைகளில் ஏறியது. அதற்கு முன்பும் வேட்பாளர் படத்தைச் சட்டையில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் இருந்தது. 1860இல் லிங்கனுக்காகத் தகரத்தில் எடுத்த சின்னப் புகைப்படங்களைச் செய்தார்கள், ஆனால் அது செலவு பிடிக்கிற வேலை. செல்லுலாய்ட் வந்த பிறகு வண்ணப்படத்தோடு, சல்லிசாக, ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ள முடிந்தது. அரசியல்வாதிகள் கண்டுபிடித்த உடனே சிகரெட் கம்பெனிகளும் சூயிங்கம் கம்பெனிகளும் கண்டுபிடித்துவிட்டன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே பேஸ்பால் ஆட்டக்காரர்களின் முகங்கள் கம் வாங்கினால் கிடைக்கும் பொருளாகிவிட்டன.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது 1910 முதல் 1912 வரை ஸ்வீட் கேப்போரல் சிகரெட்டோடு வந்த வரிசை. சேகரிப்பவர்கள் இதை பி2 என்று சொல்வார்கள். ஒவ்வொன்றும் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நூற்றைம்பது ஆட்டக்காரர்கள் கணக்கில் வருவார்கள். டை காப், கிறிஸ்டி மேத்யூசன், சை யங் எல்லாரும் உண்டு. பழுப்பு நிறத்தில் முகம், பெயர், ஊர். முன்பக்கத்தில் சிகரெட் என்ற பேச்சே கிடையாது. விளம்பரம் பின்னால், வளையத்துக்குள் செருகிய வட்டக் காகிதத்தில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், குத்திக்கொண்டால் விளம்பரம் நெஞ்சுப் பக்கம் திரும்பி மறைந்துவிடும், டை காப் மட்டும் வெளியே தெரிவார். இந்தக் காலத்து விளம்பரக்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்களா? சட்டையில் போடுவது போடுகிறவனின் இடம் என்ற ஒரு விவஸ்தை அன்று இருந்திருக்கிறது, அல்லது விளம்பரத்தை முன்னால் போட்டால் எவனும் குத்திக்கொள்ள மாட்டான் என்று கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு தகரத்திலேயே நேரடியாக அச்சடிக்கும் மலிவு வகை வந்தது. 1956இல் டாப்ஸ் கம்பெனி அப்படி ஒரு வரிசையைத் தொண்ணூறு என்று அறிவித்துவிட்டு அறுபதோடு நிறுத்திக்கொண்டது. அட்டைக்குப் பழகிய பையன்கள் பேட்ஜுக்கு மசியவில்லை. இதெல்லாம் ஒரு பக்கம். நான் பேச வந்தது கடையிலோ சிகரெட் பெட்டியிலோ கிடைத்ததைப் பற்றி அல்ல, அரங்க வாசலில் விற்றதைப் பற்றி.

1940கள் முதல் 60கள் வரை பேஸ்பால் அரங்கங்களிலும் அவற்றைச் சுற்றியும் கூவி விற்ற பேட்ஜ்கள் பெரியவை, ஒன்றே முக்கால் அங்குலம். கறுப்பு வெள்ளைப் புகைப்படம், கீழே அணியின் நிறத்தில் ரிப்பன், ரிப்பனில் குட்டி மட்டை, குட்டிப் பந்து, குட்டிக் கையுறை தொங்கும். சேகரிப்பு உலகில் இதற்கு பிஎம்10 என்று பெயர். யார் செய்தார்கள், எந்த வருடம், எத்தனை என்பதற்குப் பெரும்பாலானவற்றில் ஒரு குறிப்பும் இருக்காது. தொப்பியில் இருக்கும் எழுத்தையும் புகைப்படத்தின் வயதையும் வைத்துத்தான் காலத்தை ஊகிக்க வேண்டும். ஒரே ஆட்டக்காரருக்குப் பத்து விதம் இருக்கும், ஒழுங்கான பட்டியலே போட முடியாது. ஒழுங்குக்காகவே சேகரிக்கிறவர்கள் இந்த இடத்தில் பொறுமை இழந்துவிடுவார்கள். ஒரு வியாபாரி நாலு காசு பார்க்க வேண்டும் என்று இரவோடு இரவாக அடித்துக் கொண்டுவந்த பொருள் என்பது எனக்கு அதில்தான் தெரிகிறது.

சத்தம் போடாதீர்கள் என்று சொல்லப்பட்டவர்கள்

ராபின்சன் பேட்ஜ்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை, ஆனால் அவற்றில் சிலவற்றில் வெறும் பெயர் மட்டும் இல்லை. நான் ஜாக்கி ராபின்சன் பக்கம் என்று பொருள்படும் ஒரு வரி இருக்கும். மற்ற நட்சத்திரங்களின் பேட்ஜில் இப்படி ஒரு வரியைப் பார்ப்பது அபூர்வம். வெள்ளைக்கார நட்சத்திரம் ஜோ டிமாஜியோவின் முகம் இருந்தால் போதும், டிமாஜியோ பக்கம் இருப்பதைத் தனியாக ஒருவன் அறிவிக்க வேண்டியதில்லை. ராபின்சனுக்கு வேண்டியிருந்தது. பேட்ஜ் என்றாலே விளம்பரம், ஆரவாரம், கொஞ்சம் அலட்டல் என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த வரியையும் அந்த ஆரவாரத்தின் ஒரு பகுதியாகவே படித்தேன். அந்தப் படிப்பைப் புரட்டிப் போட்டது 1947 பிப்ரவரியில் நடந்த ஒரு கூட்டம்.

ராபின்சன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகவே போகிறேன். 1945 ஆகஸ்ட் 28 அன்று ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரைக் கூப்பிட்டு, அடித்தாலும் திட்டினாலும் திருப்பி அடிக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் ராபின்சன். 1946 முழுக்க டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணியான மான்ட்ரியலில் ஆடினார், லீக்கிலேயே முதல் மட்டைக்காரராக வந்தார். அடுத்த வருடம் ப்ரூக்ளினுக்கு வருவது கிட்டத்தட்ட உறுதி என்ற நிலையில், 1947 பிப்ரவரி 5 அன்று ப்ரூக்ளினில் கறுப்பினத்தவருக்கான கார்ல்டன் ஒய்எம்சிஏவில் முப்பது பேர் அளவிலான ஒரு கூட்டம். டாக்டர்கள், வக்கீல்கள், ஆசிரியர்கள் மாதிரி ஊரில் மரியாதைப்பட்ட கறுப்பின மக்கள். ரிக்கி பாராட்ட வந்தார் என்று நினைத்திருப்பார்கள். அவர் சொன்னதோ வேறு. ராபின்சனைத் தோற்கடிக்கக்கூடியவர்கள் யாராவது இருந்தால் அது நீங்கள்தான் என்ற ரீதியில் பேசினார். ஊர்வலம் போவீர்கள், ஜாக்கி ராபின்சன் தினம் என்று கொண்டாடுவீர்கள், குடிப்பீர்கள், சண்டை போடுவீர்கள், விருந்து வைத்தே ஆளைக் கெடுத்துவிடுவீர்கள், எதுவும் வேண்டாம் என்றார். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டார்கள், கைதட்டவும் செய்தார்கள். பிறகு அவர்களே ஊர் ஊராக, சர்ச் சர்ச்சாகப் போய், ஜாக்கியின் வாய்ப்பைக் கெடுத்துவிடாதீர்கள் என்று தங்கள் மக்களிடம் பிரச்சாரம் செய்தார்கள்.

இதை முதல்முறை படித்தபோது ரிக்கிமேல் கோபம்தான் வந்தது. ஐம்பது வருடத்துக்கும் மேலாகக் கதவை மூடி வைத்திருந்தது வெள்ளைக்கார முதலாளிகள், கதவு திறக்கும்போது நடந்துகொள்ளும் விதம் பற்றிய வகுப்பு மட்டும் வெளியே நின்றவர்களுக்கு. கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அதைத் தாண்டி வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. உள்ளே ஆடுகிறவன் வாய் திறக்கக் கூடாது. பார்க்க வருகிறவர்களும் சத்தம் போடக் கூடாது. இரண்டு பக்கமும் வாயைக் கட்டியாகிவிட்டது. அந்தச் சூழ்நிலையில் ஏப்ரல் 15 அன்று டாட்ஜர்ஸின் சொந்த அரங்கமான எபெட்ஸ் ஃபீல்டுக்குச் சுமார் 26,000 பேர் வருகிறார்கள், அதில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர் என்பது அன்றைய மதிப்பீடு. நல்ல உடை, தொப்பி, சர்ச்சுக்கு வருவதுபோல. ஊர்வலம் இல்லை, மேளம் இல்லை. சட்டையிலும் கோட்டிலும் நான் ஜாக்கி பக்கம் என்ற பேட்ஜ்.

பேட்ஜ் கத்தாது. அரங்கக் காவலாளி அதைச் சுட்டிக்காட்டி ஒருவரை வெளியேற்ற முடியாது. ஒழுங்கீனம் என்று மறுநாள் பத்திரிகையில் எழுத முடியாது. ஆனால் எதிரே வருகிறவர் அதைப் படிக்காமலும் இருக்க முடியாது. பேசாதே என்று சொல்லப்பட்டவர்களுக்கு மிச்சமிருந்த பேச்சு அது. அன்றைய ஆட்டத்தில் ராபின்சன் ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. பாஸ்டன் பிரேவ்ஸ்காரர்கள் பந்தைத் தவறாக எறிந்ததில் பேஸுக்குப் போய், அங்கிருந்து ஓடி வந்து, ப்ரூக்ளினை முன்னிலைக்குக் கொண்டுபோன ரன்னை எடுத்தார். டாட்ஜர்ஸ் 5-3 என்று ஜெயித்தது. ஸ்கோர் புத்தகத்தில் பார்த்தால் சாதாரண நாள்.

இதே பேட்ஜ் ஊருக்கு ஊர் வேறு எடை. ப்ரூக்ளினில் குத்திக்கொள்வது ஒன்று. அந்தக் கோடையில் தென் மாநிலங்களிலிருந்து ரயில் பிடித்து சின்சினாட்டிக்கும் செயின்ட் லூயிஸுக்கும் ராபின்சனைப் பார்க்கப் போனவர்கள் இருக்கிறார்கள். செயின்ட் லூயிஸ் அரங்கத்தில் 1944 வரை கறுப்பினத்தவர் வலப்பக்கம் கூரை போட்ட பகுதியில் மட்டும்தான் உட்காரலாம். மூன்றே வருடம் ஆகியிருக்கிறது. அங்கே ஒருவர் இந்தப் பேட்ஜை ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் கழற்றிப் பைக்குள் போட்டிருப்பாரா, குத்திக்கொண்டே பஸ் ஏறியிருப்பாரா? வெள்ளைக்காரர்களும் வாங்கியிருப்பார்கள், ப்ரூக்ளினில் அப்படி நிறையப் பேர். ஒரு வெள்ளைக்காரத் தச்சர் அதைக் குத்திக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனால், அதற்கும் ஒரு விலை இருந்திருக்கும். என்னிடம் இருக்கும் துருப்பிடித்த பேட்ஜ் யார் நெஞ்சில் இருந்தது என்று அது சொல்லாது. வியர்வைபட்டுத்தான் விளிம்பு துருப்பிடித்ததா, ஏதோ ஒரு கேரேஜின் ஈரத்திலா என்றுகூடச் சொல்லாது. ஆனால் கம்பி வளைந்து நிமிர்ந்திருக்கிறது, அது யாரோ பலமுறை குத்திக் கழற்றியதால்தான் வந்திருக்கும். போட்டுக் கெடுத்தது என்று அந்த வியாபாரி சொன்னது இந்தக் கம்பியைத்தான்.

இன்னொரு வேடிக்கை. நடத்தாதீர்கள் என்று ரிக்கி கெஞ்சிய ஜாக்கி ராபின்சன் தினத்தை 2004 முதல் ஒவ்வொரு ஏப்ரல் 15க்கும் பேஸ்பால் நிர்வாகமே நடத்துகிறது. எல்லா அணி ஆட்டக்காரர்களும் ராபின்சனின் 42 என்ற எண்ணைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. அன்றைக்குப் பேட்ஜ் குத்திக்கொண்டு போக எந்தத் தைரியமும் வேண்டாம், அவ்வளவுதான்.

போலியும் ஒரு நண்பரும்

விலை ஏறினால் போலி வரும். சந்தையில் கண்ணில் படும் ராபின்சன் பேட்ஜ்களில் பிற்காலத்தில் அடித்தவை ஏராளம். பழைய வடிவத்தைப் பார்த்து அடித்தது ஒரு வகை. அந்தக் காலத்தில் இல்லவே இல்லாத வாசகத்தைத் தாங்களே கற்பனை செய்து, பழுப்பேற்றி விற்பது இன்னொரு வகை. 1973இல் அமெரிக்காவில் சேகரிப்புப் பொருட்களுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது, ஆனால் அது பேசுவது அரசியல் பொருட்களையும் நாணயங்களையும் பற்றித்தான். மெக்கின்லி பேட்ஜைத் திரும்ப அடித்தால் தயாரித்த வருடத்தை அதில் போட வேண்டும், ராபின்சனுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. போலியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பிரிண்டர் புள்ளிகள் தெரியும், இரண்டேகால் அங்குலம் என்றால் வீட்டு பேட்ஜ் மெஷின் அளவு என்று சந்தேகப்படலாம், பின்பக்கம் தகரம் புதுசாக மின்னும். நான் கவனித்த வரை போலிகளில் பெரும்பாலானவை ஒருதடவைகூடக் குத்தாதவை. அதுதான் அவற்றின் விற்பனைப் பேச்சே.

நியூஜெர்சியின் எடிசன் ஊரில் ஒரு நண்பர் இருக்கிறார், என்னைவிட ரொம்பப் பெரிய சேகரிப்பு. அவரிடம் இதையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்ற மாதிரி எல்லாரும் போட்டுத் தேய்ச்சிருந்தா இன்னிக்கு உங்க கையில என்ன இருக்கும், துருவா?" என்றார். நியாயம்தான். செல்லுலாய்ட் விளிம்பில் விரியும், உள்ளே ஈரம் போனால் காகிதத்தில் புள்ளி விழும், வெயிலில் நிறம் போகும். படம் எப்படி இருந்தது, எழுத்து என்ன நிறம், ரிப்பனில் என்ன தொங்கியது என்பதெல்லாம் விற்காமல் டப்பாவில் கிடந்தவை வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது. என்னுடையதில் ரிப்பன் கிடையாது, அது நீலமா என்றுகூட மற்றவர்களின் பேட்ஜைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அவர் வைத்திருப்பது ஆவணம், நான் வைத்திருப்பது வேறொன்று என்று வைத்துக்கொண்டாலும், விலைப்பட்டியலில் அவருடையதற்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது.

அன்றைக்கே அவர் இன்னொன்றையும் எடுத்துக் காட்டினார். 1957இல் டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸ் போகப்போகிறது என்ற பேச்சு வந்தபோது ப்ரூக்ளின்காரர்கள் அணிந்த பேட்ஜ், டாட்ஜர்ஸை ப்ரூக்ளினிலேயே வையுங்கள் என்று. ராபின்சன் அதற்குள் ஓய்வு பெற்றாயிற்று. அந்த வருடம் செப்டம்பர் 24 அன்று எபெட்ஸ் ஃபீல்டில் நடந்த கடைசி ஆட்டத்துக்கு 6,702 பேர்தான் வந்தார்கள். பேட்ஜ் தோற்றது, அணி போய்விட்டது. நண்பரிடம் இருந்ததில் கம்பி கறுத்து, நுனி மழுங்கி, முகப்பில் நகக்கீறல். அதையும் அவர் தரம் குறைவு என்ற பெட்டியில்தான் போட்டிருந்தார். விலைக்குக் கேட்டேன். அந்தப் பெட்டியில் உள்ளதை அவர் விற்பதில்லையாம், ஏன் என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை, பேச்சை மாற்றிவிட்டார்.

என்னிடம் இரண்டிரண்டாக இருப்பவற்றை இப்போது அவ்வப்போது விற்கிறேன். விவரத்தில் கம்பியின் நிலையை முதல் வரியாகவே எழுதுகிறேன்: பலமுறை குத்தியது, நன்றாக இருக்கிறது. போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார், துருவை எலுமிச்சம்பழம் போட்டு எடுத்துவிட்டு அனுப்ப முடியுமா என்று. ஈரம் உள்ளே போனால் காகிதம் போய்விடும் என்று எழுதிவிட்டு, விலையைக் கொஞ்சம் ஏற்றினேன்.